ஈயச் சட்டி சொல்லும் பாடம்

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில், ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் தலைமையாசிரியை என்னை அழைத்தபோது, "சார், அறிவியல் பத்தி ஏதாவது பேசுங்க. ஆனா பிள்ளைங்க தூங்காத மாதிரி பேசுங்க" என்று கேட்டுக்கொண்டார். அதனால் நான் ராக்கெட்டைப் பற்றியும் பேசப் போவதில்லை, அணுவைப் பற்றியும் பேசப் போவதில்லை. உங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றிப் பேசப் போகிறேன்.

இதோ, இந்தப் பையில் நாலு சாமான் கொண்டு வந்திருக்கிறேன். ஒன்று, கோப்பிக் கடையில் வாங்கிய காலிப் பால் டின். இரண்டு, குளிர்பான டின். மூன்று, என் மனைவியின் இட்லிச் சட்டி. இதைத் திருப்பிக் கொண்டு போகாவிட்டால் எனக்கு நாளைக்குப் பசியாற இல்லை! நாலாவது, நூலில் கட்டிய ஒரு காந்தம். இந்தக் காந்தத்துக்கு ஒரு கதை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாலாம் ஆண்டு மாணவி ஒருத்தி மேடைக்கு வரட்டும். வாம்மா. பால் டின்னில் காந்தத்தை வை. பார்த்தீர்களா, ஒட்டிக்கொண்டது. குளிர்பான டின்னில் வை. ஒட்டவில்லை. இட்லிச் சட்டியில்? அதிலும் ஒட்டவில்லை. சரி, இந்தச் சட்டி என்ன உலோகம்?

"ஈயம்!" என்று பின்வரிசையில் அம்மாமார்கள் சொல்வது கேட்கிறது. சந்தோஷம். என் அம்மாவும் இதை ஈயச் சட்டி என்றுதான் சொன்னார்கள். ஆனால் இது ஈயம் இல்லை. ஈயத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று காரீயம், கார் பேட்டரியில் இருப்பது, உடம்புக்கு விஷம். இன்னொன்று வெள்ளீயம். அது நம்ம ஊர்ச் சொத்து. இன்று பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியிருக்கும் பத்தாங் பெர்ஜுந்தையில், வீடு போல உயர்ந்த ஈயக் கப்பல்கள் குளத்தில் மிதந்துகொண்டு மண்ணைத் தோண்டி எடுத்ததைப் பெரியவர்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை சரிந்தது. அதன் பிறகு கப்பல்கள் போய்விட்டன, குளங்கள்தான் மிச்சம். அந்த வெள்ளீயத்தைத்தான் இரும்புத் தகட்டின் மேல் மெல்லப் பூசிப் பால் டின் செய்கிறார்கள். உள்ளே இரும்பு இருப்பதால்தான் காந்தம் ஒட்டியது.

இந்த இட்லிச் சட்டியும் குளிர்பான டின்னும் அலுமினியம். நாம் பெயரை மாற்றிச் சொன்னாலும், தோட்டத்து வாழ்க்கையில் அலுமினியத்தைப் போல நம்மோடு ஒட்டி உறவாடிய உலோகம் வேறு இல்லை.

முதலில் அது எப்படி வந்தது என்று சொல்கிறேன். பூமியின் மேலோட்டில் நூற்றுக்கு எட்டுப் பங்கு அலுமினியம்தான். உலோகங்களில் அதுவே அதிகம். ஆனால் தங்கத்தைப் போல அது தனியாகக் கிடைக்காது. ஆக்சிஜனோடு கைகோத்துக்கொண்டு மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். அந்தக் கையைப் பிரிப்பது லேசான காரியம் இல்லை. 1825-இல் டென்மார்க் நாட்டு எர்ஸ்டெட் என்னும் அறிஞர் முதன்முதலில் ஒரு துளி பிரித்தார். அதன் பிறகும் அறுபது ஆண்டு காலம் அது அரசர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. 1884-இல் அமெரிக்காவில் வாஷிங்டன் நினைவுத் தூணைக் கட்டி முடித்தபோது அதன் உச்சியில் என்ன வைத்தார்கள் தெரியுமா? தங்கம் அல்ல. மூன்று கிலோவுக்கும் குறைவான ஓர் அலுமினியப் பிரமிடு! அன்று அதன் விலை வெள்ளியின் விலைக்குப் பக்கத்தில் இருந்தது.

இரண்டே ஆண்டில் நிலைமை மாறியது. 1886-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹால் என்னும் இளைஞர், வீட்டை ஒட்டிய விறகுக் கொட்டகையில் சோதனை செய்து, மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் போல் ஹெரூல் என்னும் இன்னோர் இளைஞரும் அதே வழியைக் கண்டுபிடித்தார். ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். இருவரும் பிறந்தது 1863-இல். இருவரும் இறந்தது 1914-இல். மாணவர்களே, பெரிய ஆய்வுக்கூடம் இருந்தால்தான் படிக்க முடியும் என்று நினைக்காதீர்கள். விறகுக் கொட்டகையும் போதும்.

அந்த உலோகம் தமிழர் வீட்டுக்கு வந்த வழியும் ஒரு பள்ளிக்கூடத்து வழிதான். 1898-இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில், ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் அலுமினியப் பாத்திரம் செய்யும் பிரிவைத் தொடங்கினார். பித்தளை, செம்பு வேலை தெரிந்த கைகளுக்குப் புதிய உலோகத்தில் பழக்கம் கொடுத்தார். வியாபாரம் நன்றாக வளர்ந்தது. 1903-இல் அந்தத் தொழில் இந்தியன் அலுமினியம் கம்பெனியின் கைக்குப் போனது. பின்னாளில் சேலம் மாவட்டத்து மேட்டூரில், ஏற்காடு மலையிலிருந்து மண் எடுத்து 1965 முதல் அலுமினியமே உற்பத்தி செய்தார்கள். அந்த உருக்காலை 2008-இல் மூடப்பட்டது. நம்மில் பலருடைய தாத்தா பாட்டி அந்தச் சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள்தானே!

இனி நம்ம தோட்டத்துக்கு வருவோம். விடியற்காலை பெரட்டுக்குப் போகும்போது பால்வெட்டும் தாய்மார்கள் கையில் என்ன இருந்தது? உளி, வாளி, ஒரு தூக்குச் சட்டி. பால் கொட்டகையில் பாலுக்குச் செம்பும் பித்தளையும் ஆகாது. செம்பு துளி கலந்தாலும் ரப்பர் காற்றுப் பட்டுச் சீக்கிரம் கெட்டு, பிசுபிசுப்பாகி, பலம் இழந்துவிடும். அதனால் பாலை உறைய வைக்கும் தொட்டியில் அலுமினியத் தகடுகளை வரிசையாக இறக்கித் தடுப்பு வைத்தார்கள். மறுநாள் தகட்டை உருவினால், நடுவில் வெள்ளை வெளேரென்று ரப்பர் பாளம் நிற்கும். சின்ன வயதில் அதைப் பார்த்து நான் தோசை என்று நினைத்திருக்கிறேன்!

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. மரம் உயர உயர, மூங்கில் கம்புக்குப் பதிலாக அலுமினியக் குழாயின் நுனியில் கொக்கிக் கத்தியைக் கட்டிக் குலை வெட்டுகிறார்கள். வீட்டுக்குள் வந்தால் இட்லிச் சட்டி, புட்டுக் குழாய், சோற்றுக் குண்டான், குவாலி. ஜன்னல் சட்டம், ஏணி, மாத்திரை அட்டையின் பளபளத் தாள். வீட்டுக்கு வெளியே சடக்கோரம் போகும் பெரிய மின்கம்பியும் அலுமினியம். மேலே பறக்கும் விமானத்தின் உடம்பிலும் பெரும்பகுதி அதுதான்.

ஏன் இத்தனை இடத்தில் அதுவே? முதல் காரணம் கனம். இரும்பின் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இரண்டாவது, சூடும் மின்சாரமும் அதில் நன்றாக ஓடும். மூன்றாவது, அது துருப்பிடிக்காது. காற்றுப் பட்ட உடனே தன் மேல் ஒரு மெல்லிய கவசத்தைத் தானே போட்டுக்கொள்ளும். கீறினால் மறுபடியும் போட்டுக்கொள்ளும். இரும்பின் துரு உதிர்ந்து கொண்டே போகும். அலுமினியத்தின் துரு அதைக் காப்பாற்றும்.

இப்போது என் அம்மாவின் தூக்குச் சட்டி. அந்தச் சட்டியின் மூடியில் ஆணியால் புள்ளி புள்ளியாக 47 என்று குத்தியிருக்கும். அது அம்மாவின் செக்ரோல் நம்பர். எல்லார் சட்டியும் ஒரே மாதிரி இருந்ததால் அப்படி அடையாளம். அதில்தான் வரக்கோப்பியும் போகும், பழைய சோறும் போகும். நசுங்கினால் அப்பா கட்டையில் வைத்துத் தட்டுவார். ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போட ஆள் வருவார்.

1978-இல் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு எவர்சில்வர் அடுக்குச் சட்டி வாங்கினேன். அந்த நசுங்கிய சட்டியைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. "சூராட் காபார் லாமா" என்று கூவிக்கொண்டு லாரி வந்தபோது, பழைய பேப்பரோடு சேர்த்து அதையும் போட்டுவிட்டேன். ஒரு வெள்ளியும் சில்லறையும் கிடைத்தது. வேலை முடிந்து வந்த அம்மா, "எங்கப்பா என் சட்டி?" என்று கேட்டார்கள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, "தூக்கிப் போடலையே? அந்தச் சீனரு உருக்கி வேற ஏதாச்சும் செய்வாருல்ல? அப்ப சரி" என்றார்கள்.

நான் கல்லூரியில் படித்து வந்தவன். ஆனால் அந்தச் சட்டிக்கு அதோடு முடிவு இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை; அம்மாவுக்குத் தோன்றியது. அம்மா சொன்ன அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்று இப்போது பாருங்கள்.

புதிதாக ஒரு டன் அலுமினியம் செய்ய ஏறக்குறைய நாலு டன் பாக்சைட் என்னும் செம்மண் வேண்டும். அதைக் காரத்தில் வேகவைத்து இரண்டு டன் வெள்ளைப் பொடியாக்க வேண்டும். அந்தப் பொடியை 950 டிகிரிக்கு மேல் சூடான ஒரு குழம்பில் கரைத்து, அதனுள் மின்சாரம் பாய்ச்ச வேண்டும். ஒரு டன்னுக்குச் சுமார் 14,000 யூனிட் மின்சாரம்! கிலோவுக்கு 14 யூனிட். அதாவது உங்கள் வீட்டுக் காத்தாடி இரவும் பகலும் ஒன்பது நாள் ஓடும் மின்சாரம், ஒரு கிலோ அலுமினியத்துக்குள் அடங்கியிருக்கிறது.

மண்ணும் மின்சாரமும் சும்மா வருவதில்லை. குவாந்தானில் 2014, 2015-ஆம் ஆண்டுகளில் பாக்சைட் தோண்டியபோது என்ன நடந்தது என்று பத்திரிகையில் படித்திருப்பீர்கள். மண் பெரும்பாலும் சீனாவுக்குக் கப்பலேறியது. சடக்கும் வீடும் செந்தூசியாகி, ஆறும் கடலோரமும் சிவந்தன. கடைசியில் 2016 ஜனவரியில் அரசாங்கமே தோண்டுவதை நிறுத்தி வைத்தது. சரவாக்கில் பாக்குன் அணையைக் கட்டினார்கள். 2011-இல் அங்கே மின்சாரம் உற்பத்தி தொடங்கியது. சாமாலாஜுவில் உள்ள அலுமினிய உருக்காலை அந்த நீர்மின்சாரத்தில் ஓடுகிறது. நம் நாட்டுக்கு அது பெருமைதான். ஆனால் அந்த அணைக்காக ஏறத்தாழ 700 சதுர கிலோமீட்டர் நிலம் தண்ணீருக்குள் போனது. காயான், கென்யா முதலிய மக்கள் சுமார் 10,000 பேர், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நீண்ட வீடுகளை விட்டுச் சுங்கை ஆசாப்புக்குக் குடிபெயர்ந்தார்கள். கோயிலையும் லயத்தையும் மாமரத்தையும் விட்டுத் தாமானுக்குக் குடிபோன நமக்கு, அந்த வலி என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழைய அலுமினியத்தை உருக்குவதற்கு இதெல்லாம் வேண்டியதில்லை. மண் தோண்ட வேண்டாம். 660 டிகிரி சூட்டில் அது உருகிவிடும். புதிதாகச் செய்வதற்கு ஆகும் சக்தியில் நூற்றுக்கு ஐந்து பங்கு போதும். தொண்ணூற்றைந்து பங்கு மிச்சம். காகிதத்தை நாலைந்து முறை கரைத்தால் அதன் நார் தேய்ந்து போகும். அலுமினியம் எத்தனை முறை உருக்கினாலும் தேயாது. உலகில் இதுவரை செய்த அலுமினியத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது என்பது கணக்கு. நீங்கள் குடித்து வைத்த டின் இரண்டு மாதத்தில் வேறொரு டின்னாகிக் கடைக்கு வந்துவிட முடியும். என் அம்மாவின் 47-ஆம் நம்பர் சட்டி இன்று யார் வீட்டு ஜன்னலாக இருக்கிறதோ!

ஆனால் ஒரு நிபந்தனை. அது குப்பையில் போகக்கூடாது. குப்பையில் போனால் எங்கே போய்ச் சேரும்? "லாரி வந்து எடுத்துக்கிட்டுப் போயிடும் சார்" என்பீர்கள். லாரி நிலாவுக்கா போகிறது? 2005-இல் புக்கிட் தாகாரில் ஒரு குப்பைக் கிடங்கு திறந்தார்கள். கோலாலம்பூரின் குப்பை அங்கே வந்தது. 2007-இல் இதோ நம் ஜெராமில் இன்னொன்று திறந்தார்கள். பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம், கிள்ளான் பக்கத்துக் குப்பை இங்கே வந்தது. நம் முன்னோர் காடு திருத்தி, பால்மரமும் செம்பனையும் நட்ட இந்த வட சிலாங்கூர் மண்ணில்தான் பட்டணத்துக் குப்பை அடங்குகிறது. அப்படியிருக்க, நாம் எறியும் டின்னும் அதோடு சேர வேண்டுமா? மண்ணுக்குள் போன அலுமினியம் நூறாண்டு ஆனாலும் மக்காது, யாருக்கும் உதவாது. அதற்கு ஈடாக எங்கோ ஓர் இடத்தில் மறுபடியும் செம்மண்ணைத் தோண்ட வேண்டும்.

2015 செப்டம்பர் முதல் நாட்டின் சில மாநிலங்களில் வீட்டிலேயே குப்பையைப் பிரித்துப் போடுவது சட்டமானது. அன்று சிலாங்கூர் அதில் சேரவில்லை. சட்டம் இல்லாவிட்டால் என்ன? என் அம்மா காலத்தில் எந்தச் சட்டம் இருந்தது? தமிழ்நாட்டில் பழைய ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்து வாங்கும் வழக்கம் எத்தனை காலமாக இருந்தது! தூக்கிப் போடாமல் இருப்பது நமக்குப் பழக்கமாக இருந்தது. கையில் நாலு காசு வந்த பிறகுதான் அதை மறந்தோம்.

மறந்தது மட்டும் இல்லை, அதை ஏளனமும் செய்தோம். இங்கேதான் இந்தக் காந்தத்தின் கதை வருகிறது.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் ஒரு மாணவன் இருந்தான். தாய் தகப்பன் இல்லை, பாட்டிதான் வளர்த்தார். வெட்டு வேலை நின்ற பிறகு அந்தப் பாட்டி பழைய சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு, கோப்பிக் கடை, பசார், கல்யாண மண்டபம் என்று டின் பொறுக்கி விற்பார். பள்ளியில் மற்றப் பிள்ளைகள் அவனை "டின்னு" என்று கூப்பிட்டார்கள். அது என் காதில் விழுந்தது. சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று சும்மா இருந்துவிட்டேன். ஓர் ஆசிரியன் செய்யக்கூடாத தவறு அது. இன்று ஒப்புக்கொள்கிறேன்.

ஒருநாள் ஐந்தாம் ஆண்டு அறிவியல் பாடத்தில் காந்தம் நடத்தினேன். "எந்தெந்தப் பொருளைக் காந்தம் இழுக்கும்?" என்று கேட்டேன். "எல்லா உலோகத்தையும் இழுக்கும் சார்" என்றார்கள் பிள்ளைகள். அவன் மட்டும் எழுந்து, "இல்ல சார். மைலோ டின்ன இழுக்கும். சோடா டின்ன இழுக்காது. செம்புக் கம்பிய இழுக்காது. எவர்சில்வர்ல சிலத இழுக்கும், சிலத இழுக்காது, அத தூக்கிப் பாத்தா கனத்துல தெரிஞ்சிடும்" என்றான். எங்கே படித்தாய் என்று கேட்டேன். "பாட்டி சொன்னாங்க" என்றான்.

அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாட்டி சாக்கைக் கொட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார். உடைந்த ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று நூலில் கட்டி அவர் இடுப்பில் தொங்கியது. சந்தேகம் வந்தால் காந்தம். அதிலும் சந்தேகம் வந்தால் விரலால் சுண்டி ஓசையைக் கேட்பார். "அறுவது எழுவது டின்னு சேந்தா ஒரு கிலோ வரும் வாத்தியாரே. தண்ணி இல்லாம காய வச்சுக் கொடுத்தா தவுக்கே கழிக்கமாட்டாரு" என்றார். அவர் சொன்ன கணக்கு சரி. ஒரு டின் ஏறக்குறைய 14 கிராம். நான் கரும்பலகையில் எழுதியதை அவர் கையால் செய்துகொண்டிருந்தார்.

அந்த ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் அவனுக்குக் கணக்கில் முதல் பரிசு. பெயர் கூப்பிட்டோம். பாட்டி மண்டபத்துக்குள் வரவில்லை. சாக்கோடு எப்படி உள்ளே வருவது என்று பள்ளிக் கேட்டுக்கு வெளியிலேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையன் பரிசை வாங்கினான். தன் இடத்துக்குப் போகவில்லை. மண்டபத்தின் நடுவே ஓடி, கேட்டைத் தாண்டி, பரிசுப் புத்தகத்தைப் பாட்டி கையில் கொடுத்தான். அதன் பிறகு அந்தப் பள்ளியில் யாரும் அவனை அந்தப் பெயரால் கூப்பிடவில்லை. நாங்கள் விடவும் இல்லை.

பாட்டி இப்போது இல்லை. ஆனால் அவரைப் போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பிரேசில் நாட்டில் குளிர்பான டின்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் திரும்பவும் உருக்கப்படுகின்றன. உலகமே அதைப் பாராட்டுகிறது. யாரால் அது நடக்கிறது? தெருவில் டின் பொறுக்கும் ஏழை மக்களால். அங்கே அவர்கள் சங்கம் வைத்து, கூட்டுறவு அமைத்துத் தலைநிமிர்ந்து நடக்கிறார்கள். ஆகவே மாணவர்களே, டின் பொறுக்கும் கையை ஒருநாளும் ஏளனமாகப் பார்க்காதீர்கள். அசிங்கம், குடித்துவிட்டு எறியும் கையில்தான் இருக்கிறது.

பெற்றோர்களுக்குச் சில எச்சரிக்கைகள். அலுமினியச் சட்டியில் புளிக் குழம்பு, ரசம், ஊறுகாய் ஆகியவற்றை இரவு முழுக்க வைக்காதீர்கள். புளிப்பும் உப்பும் அதன் கவசத்தைக் கரைக்கும். சமைத்தவுடன் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். அடுத்து, முத்திரை இல்லாத மலிவான வார்ப்புச் சட்டிகளில் கவனம் வேண்டும். கண்ட கண்ட பழைய உலோகத்தையும் கலந்து உருக்கினால் காரீயம் உள்ளே புகுந்துவிடும். 2025-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இறக்குமதியான சில அலுமினிய, பித்தளை, இண்டாலியப் பாத்திரங்களிலிருந்து காரீயம் கசிவதாக எச்சரித்தது. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மறுசுழற்சி நல்லதுதான்; ஆனால் அதைப் பிரிக்கத் தெரிந்தவர்கள், முறையாகச் செய்ய வேண்டும். பாட்டியின் காந்தத்துக்கும் சுண்டு விரலுக்கும் உள்ள மதிப்பு இப்போது புரிகிறதா?

பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். மின்கம்பியை நெருப்பில் போட்டு உள்ளே இருக்கும் உலோகத்தை எடுக்காதீர்கள். அந்தப் புகை நஞ்சு. கொசு மருந்து டின்னைக் குத்தாதீர்கள், வெடிக்கும். சடக்குப் பலகை, கால்வாய் மூடி, மின்கம்பி எதையும் கழற்றி விற்பது திருட்டு, உயிருக்கும் ஆபத்து. செம்பனையில் வேலை செய்யும் அப்பாமார்களே, அலுமினியக் கம்பைத் தூக்கும்போது தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்று ஒருமுறை பாருங்கள். அலுமினியத்தில் மின்சாரம் நன்றாக ஓடும் என்று சொன்னேனே, அது நம் உடம்பு வழியாகவும் ஓடும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். பள்ளிச் சிற்றுண்டிச் சாலைக்குப் பக்கத்தில் இரண்டு சாக்கு வையுங்கள். காந்தம் ஒட்டும் டின்னுக்கு ஒன்று, ஒட்டாத டின்னுக்கு ஒன்று. கழுவி, கவிழ்த்துக் காயவைத்துப் போடுங்கள். நசுக்கினால் இடம் மிச்சம். வாரத்துக்கு ஒரு வகுப்புப் பொறுப்பேற்கட்டும். நிறுத்துக் கணக்கு எழுதட்டும். எழுபது டின்னுக்கு ஒரு கிலோ. ஒரு கிலோவுக்கு ஒன்பது நாள் காத்தாடி. கணக்குப் பாடமும் ஆயிற்று. விற்ற பணத்தில் அடுத்த ஆண்டுப் பரிசுப் புத்தகங்களில் சிலவற்றையாவது வாங்குங்கள். நவம்பர் 11 நம் நாட்டின் மறுசுழற்சி நாள். அன்றைக்கு உங்கள் கணக்கைச் சபையில் வாசியுங்கள். உங்கள் பகுதியில் டின் சேர்த்துப் பிழைக்கும் பெரியவர் யாராவது இருந்தால், முதலில் அவருக்குக் கொடுங்கள். பள்ளிக்கு வருவது அப்புறம் இருக்கட்டும்.

இந்தக் காந்தத்தை நான் வீட்டுக்குக் கொண்டு போகப் போவதில்லை. இது பாட்டியின் காந்தம். அவர் காலமானபோது பேரன் என்னிடம் கொடுத்தான். "உங்க கிட்ட இருந்தா பிள்ளைங்களுக்குக் காட்டுவீங்க சார்" என்றான். இத்தனை ஆண்டு காட்டினேன். இனி இந்தப் பள்ளியின் அறிவியல் அறையில் இருக்கட்டும். தலைமையாசிரியை அவர்களே, பெற்றுக்கொள்ளுங்கள்.

இன்று பரிசு பெறும் செல்வங்கள் மேலும் மேலும் உயர வேண்டும். பரிசு பெறாத செல்வங்கள் அடுத்த ஆண்டு மேடை ஏற வேண்டும். பரிசை வாங்கியதும் முதலில் யாரிடம் கொண்டு போய்க் கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் வெளியில் நின்றால் உள்ளே அழைத்து வாருங்கள்.

இட்லிச் சட்டியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.